அறுவதற்கு முன் கம்பிக்குள் நடப்பது

கம்பியை இரு முனையிலும் பிடித்து அறும்வரை இழுப்பது இழுவைச் சோதனை. அதில் மென் எஃகு (கார்பன் குறைந்த எஃகு) 'நீண்டு, மெலிந்து, அறுந்துவிடும்' என்று நான் படித்த கட்டுரை ஒன்று ஒரே வரியில் சொல்லிப் போகிறது. நடப்பதெல்லாம் அந்த வரிக்குள்தான் இருக்கிறது, அதனால் எழுதுகிறேன்.

மெருகேற்றி அமிலம் தடவி நுண்ணோக்கியில் பார்த்தால், வெளிறிய ஃபெரைட் (கிட்டத்தட்டத் தூய இரும்பு) மணிகளும், அதாவது சிறு படிகங்களும், இடையிடையே கருப்பாகப் பெர்லைட்டும் (ஃபெரைட்டும் இரும்புக் கார்பைடும் மாறிமாறி அடுக்கியது) தெரியும். ஃபெரைட்டுக்குள் அணு வரிசை பிசகிய கோடுகள் உண்டு. டிஸ்லொகேஷன் என்பார்கள். கார்பன், நைட்ரஜன் அணுக்கள் அவற்றைச் சுற்றிக் குவிந்து பூட்டிவைத்திருக்கும். அந்தப் பூட்டு விடுபடும் கணத்தில்தான் கம்பியை இழுக்கத் தேவையான விசை சட்டென்று இறங்குகிறது. 1949இல் காட்ரெல், பில்பி என்ற அறிவியலாளர்கள் இருவரும் தந்த விளக்கம் இது. அப்போது கம்பி முழுக்க ஒரே நேரத்தில் நெகிழாது. நெகிழ்ந்த பகுதி ஒரு பட்டையாக ஓரிடத்தில் பிறந்து மெல்ல நகர்ந்து பரவும். அதுதான் லூடர்ஸ் பட்டை. மெருகேற்றிய துண்டில் வெறுங்கண்ணுக்கே தெரியும். முதல்முறை பார்த்தபோது எனக்கு மெய்சிலிர்த்துவிட்டது.

அப்புறம் பிசகுகள் பெருகி ஒன்றோடொன்று சிக்கிக்கொள்ளும். பதமாக ஆறவைத்த எஃகில் ஒரு சதுர சென்டிமீட்டரைக் கடக்கும் கோடுகள் சில கோடி என்றால், நன்றாக உருக்குலைந்ததில் பத்தாயிரம் கோடியைத் தாண்டும். எஃகு இறுகுவது அதனால்தான். மணிகளும் இழுத்த திசையில் நீளும்.

கம்பி ஓரிடத்தில் மட்டும் மெலிந்து கழுத்து விழுந்ததும், அதன் நடுப்பகுதியில் மாங்கனீஸ் சல்ஃபைடு போன்ற துகள்களைச் சுற்றி நுண்குழிகள் திறந்து, ஒன்றுசேர்ந்து விரிசலாகும். உடைந்த முனைகளில் ஒன்று கிண்ணமாகவும் மற்றது கூம்பாகவும் இருப்பதற்கு இதுவே காரணம்.

கட்டுரையாசிரியருக்கு ஒரு வேண்டுகோள்: கழுத்தை நீளவாட்டில் வெட்டி எடுத்த நுண்படம் ஒன்றையாவது சேருங்கள்.