பதில் எழுதுகிறவர் எங்கே இருக்கிறார்?

போன மாதம் அம்மா ஒரு கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு படலையடியிலேயே நின்றார். கொழும்பிலுள்ள ஒரு கந்தோரிலிருந்து வந்தது. முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை சிங்களம். அரசு அனுமதிப்பத்திரத்தில் தந்த எங்கள் பெர்மிட் காணி பற்றியது என்பது மட்டும் அதிலிருந்த இலக்கத்தை வைத்து விளங்கியது. முல்லைத்தீவு மாவட்டத்து முத்தையன்கட்டுக் குளத்துத் தண்ணீரில் விளைகிற வயல் அது. அப்பா தனக்குப் பிறகு காணி யாருக்கு என்று பின்னுரித்துக்குப் பெயர் போடாமலே இறந்துபோய்விட்டார். பெர்மிட்டின் மூலப்பிரதி 2009 போரில் தொலைந்தது. முல்லைத்தீவுக் கரையோரத்து மாத்தளன் வரைக்கும் வந்த பையில் அது இருந்ததா, அதற்கு முன்பே எங்காவது விழுந்ததா என்று அம்மாவுக்கு இன்றும் தெரியாது.

ஒட்டுசுட்டானில் ஆட்டோ ஓடுகிற அண்ணன் ஒருவருக்குச் சிங்களம் வாசிக்கத் தெரியும். அவரைப் பிடிக்க நான்கு நாள் ஆனது. அவர் வாசித்துச் சொன்னபோது, ஆவணம் கொடுக்க வேண்டிய திகதி முந்தநாளே முடிந்திருந்தது. அம்மா ஒன்றும் பேசவில்லை. கடிதத்தை மடித்து, அப்பாவின் மரணச் சான்றிதழ் இருக்கிற பொலித்தீன் பைக்குள் வைத்தார்.

சட்டத்தில் என்ன இல்லை? 1956இல் சிங்களம் மட்டும் என்றார்கள். 1987இல் அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் தமிழும் அரசகரும மொழி என்றது. அடுத்த ஆண்டு வந்த 16ஆவது திருத்தம், வடக்கிலும் கிழக்கிலும் நிர்வாகமும் பதிவேடுகளும் தமிழில் என்றது. 1991இல் அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்கே தனிச் சட்டம் வந்தது. இத்தனைக்கும் பிறகு ஒரு விதவைத் தாய், தன் காணிக் கடிதத்தை வாசிக்க ஆட்டோ வரும்வரை காத்திருக்கிறார்.

ஆனால் நான் சொல்ல வந்தது மொழிபெயர்ப்பைப் பற்றி மட்டும் அல்ல. அந்தக் கடிதம் தமிழிலேயே வந்திருந்தால் என்ன நடந்திருக்கும்? அம்மா அன்றைக்கே வாசித்திருப்பார். சரி, அது பெரிய விஷயம்தான். ஆனால் கடிதம் கேட்டது என்ன? பெர்மிட்டின் மூலப்பிரதியை. முல்லைத்தீவில் பத்துப் பேரைப் பிடித்துக் கேட்டால், அதில் எத்தனை பேரிடம் 2009க்கு முந்திய ஒரு துண்டுக் கடதாசியாவது இருக்கும்? இங்கே இருக்கிற விதானைக்கு, அதுதான் கிராம அலுவலருக்கு, அது தெரியும். ஏ.ஜி.ஏ கந்தோரில் (பிரதேச செயலகத்தில்) இருக்கிற பிள்ளைகளுக்கும் தெரியும், அவர்களும் அதே பாதையால் நடந்தவர்கள்தான். ஆனால் முடிவு அவர்கள் கையில் இல்லை. "மேலிடத்துக்கு அனுப்பியிருக்கு, பதில் வரட்டும்" என்றுதான் அவர்களால் சொல்ல முடியும். கதைப்பது தமிழில், முடிவு வேறெங்கோ. முடிவெடுக்கிறவர் இந்த மண்ணை அறியாதவராக இருந்தால், எவ்வளவு நல்ல தமிழில் எழுதினாலும் அவர் தவறான கேள்வியைத்தான் கேட்பார்.

அதிகாரப் பகிர்வு என்றதும் வரைபடத்தையும் எல்லையையும் பற்றிச் சண்டை பிடிக்கிறோம். எனக்கு அது அம்மாவின் கடிதத்துக்கு யார், எங்கே இருந்து பதில் எழுதுகிறார் என்பதுதான்.

மாகாண சபைகளைக் கொண்டுவந்த 13ஆவது திருத்தத்தின்படி காணி மாகாண சபைப் பட்டியலில் இருக்கிறது. ஆனால் அரச காணி குடியரசின் கையில். இரண்டுக்கும் நடுவே கொள்கை வகுக்க வேண்டிய தேசியக் காணி ஆணைக்குழு இன்றுவரை அமைக்கப்படவே இல்லை. சபையும் எங்களுக்குச் சுலபமாகக் கிடைக்கவில்லை. வட மாகாண சபைக்கு முதல் தேர்தல் நடந்ததே 2013 செப்டெம்பரில், சட்டம் வந்து 26 வருடம் கழித்து. 2018 ஒக்டோபரில் அதன் காலம் முடிந்தது. அதற்குப் பிறகு ஜனாதிபதி நியமிக்கிற ஆளுநர் மட்டும்தான்.

"இருந்த அஞ்சு வருசத்திலை அவை என்ன கிழிச்சவை?" என்று என் நண்பர்களே கேட்கிறார்கள். கேள்வி நியாயமானது. 38 ஆசனங்களில் 30ஐ தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு ஒன்றிடமே கொடுத்தோம். அவர்கள் தங்களுக்குள் அடிபட்டே அந்த நேரத்தில் பெரும்பகுதியைத் தொலைத்தார்கள். எனக்கு அதில் இன்னும் ஆறாத கோபம் இருக்கிறது. ஆனால் அந்தக் கோபத்தைக் காட்ட ஒரு முகம் இருந்தது. எங்கள் ஊருக்கு வந்த உறுப்பினரை மறித்து வாய்க்கால் ஏன் இன்னும் திருத்தவில்லை என்று கேட்க முடிந்தது, தமிழில். இன்றைக்கு யாரை மறிப்பது? பிழையாகச் செய்தவரை மாற்றுவதற்குத்தான் தேர்தல். சபையையே வெறுமையாக வைத்திருப்பது அதற்கு மருந்து இல்லை.

பெல்ஜியத்தின் கிழக்கு ஓரத்தில் ஜெர்மன் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். ஏறத்தாழ 80 ஆயிரம் பேர்தான். 2012 கணக்கெடுப்பில் முல்லைத்தீவு மாவட்டத்தில் இருந்தவர்கள் ஏறத்தாழ 92 ஆயிரம். அந்த ஜெர்மன் பேசுகிறவர்களுக்கு ஒய்பன் (Eupen) என்ற சிறு நகரத்தில் 25 உறுப்பினர்களோடு சொந்தப் பாராளுமன்றம் இருக்கிறது. பள்ளிக்கூடமும் பண்பாடும் அவர்கள் பொறுப்பு. அங்கேயும் மொழிச் சண்டை இல்லாமல் இல்லை. 2010 தேர்தலுக்குப் பிறகு மத்தியில் அரசாங்கம் அமைக்கவே 541 நாள் எடுத்தார்கள். ஆனால் இவ்வளவு சிறிய கூட்டத்துக்கு அதிகாரம் கொடுத்ததால் நாடு உடைந்துவிடவில்லை. முல்லைத்தீவைவிடச் சிறிய சனத்தொகை அது என்று வாசித்த அன்று எனக்கு நித்திரை வரவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், எங்கள் ஆட்களில் சிலருக்குப் பிடிக்காது என்றாலும். வவுனியாவில் ஒரு கந்தோர் வரிசையில், வவுனியா தெற்கிலிருந்து வந்த சிங்கள அம்மா ஒருவர் தமிழில் இருந்த படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றார். என் அம்மா படலையில் நின்ற அதே நிலை. எனக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில் நிரப்பிக் கொடுத்தேன். அவருக்கும் தன் மொழியில் பதில் பெற அரசியலமைப்பு உரிமை தருகிறது. நாளைக்கு மாகாணத்துக்கு முழு அதிகாரம் வந்தால், அந்த உரிமையை நிறைவேற்ற வேண்டியவர்கள் நாங்கள். 1958, 1977 இனக்கலவரங்களில் அடிபட்டு மலையகத்திலிருந்து வந்து வன்னியில் குடியேறியவர்களில் எத்தனையோ குடும்பங்கள் இன்னும் காணி உறுதிக்கு அலைகின்றன. அவர்கள் பேசுவது தமிழ்தான், இருந்தும் எங்கள் கந்தோர்களிலேயே கடைசி வரிசையில் நிற்கிறார்கள். கொழும்பிடம் கேட்கிறதை நாங்கள் இவர்களுக்குக் கொடுக்காவிட்டால், எந்த வாயால் கேட்கிறது?

நேற்று அம்மாவுக்காகப் பதில் எழுதினேன், தமிழில். மூலப்பிரதி எங்கே போனது என்பதை அம்மா சொல்லச் சொல்ல எழுதினேன். ஒட்டுசுட்டானிலிருந்து புதுக்குடியிருப்பு, அங்கிருந்து மாத்தளன், அப்புறம் வவுனியா முகாம். ஒன்றரைப் பக்கம் வந்தது. இவ்வளவையும் எழுத வேண்டுமா என்று கேட்டேன். "எழுது, அவைக்குத் தெரியாதுதானே" என்றார். பதிவுத் தபாலில் போட்டோம். பற்றுச்சீட்டு அதே பொலித்தீன் பைக்குள் இருக்கிறது.