படி பழுதாகவில்லை

படிக்கட்டு விஷயம்தான். போன வாரம் படம் போட்டிருந்தேன், பார்த்திருப்பீர்கள். லொறியில் ஏறியது எங்கள் தொடர்மாடியின் வாசல் படி. நிர்வாகக் குழு அந்தக் கிரனைட் கல்லைக் கழற்றிவிட்டு டைல்ஸ் பதித்துவிட்டது. இனி அதைப் பற்றி எழுதுவதில்லை என்றுதான் இருந்தேன். நேற்றிரவு மழையில் மூன்றாம் மாடி மாஸ்டர் புதுப் படியில் சறுக்கி விழுந்துவிட்டார். கையில் கட்டு. அதற்கு வட்ஸ்அப் குழுவில் நிர்வாகக் குழுப் பொருளாளர் தம்பி போட்ட பதில்: "மழை நேரத்தில் கவனமாக நடக்கவும்." பக்கத்தில் ஒரு கும்பிடும் கை வேறு.

சரி, எழுதுகிறேன்.

படி பழுதாகவில்லை. கட்டடம் கட்டிய நாளில் போட்ட கிரனைட், இருபது மில்லிமீற்றர் தடிப்பு. மினுக்கின கல்லும் இல்லை, தீயால் சுட்டுக் கரடாக்கின கல். நெருப்புப் பட்டதும் மேலிருக்கும் பரல்கள் வெடித்துத் தெறித்துவிடும், மிஞ்சுவது சொரசொரப்பு. ஈரச் செருப்போடு ஏறினாலும் பிடிக்கும். வெள்ளவத்தையில் எங்களுக்கும் கடலுக்கும் நடுவில் ஒரு வீதியும் ரயில் பாதையும்தான். உப்புக் காற்றுக்கு ஜன்னல் கம்பிகளை இரண்டு தரம் மாற்றினோம், கேற்றை ஒருதரம். இருபது வருடத்துக்கு மேல் ஒன்றும் கேட்காமல் கிடந்தது அந்தப் படி மட்டும்தான்.

பிறகு ஏன் உடைத்தார்கள்? "லுக் பழசாகிவிட்டது." இப்போது கண்ணாடி மாதிரி டைல்ஸ். முகம் பார்க்கலாம், கால் வைக்க முடியாது. அதன் அழகெல்லாம் மேலே ஓடுகிற மெல்லிய பூச்சுத்தான். முந்தநாள் யாரோ எரிவாயு சிலிண்டரை உருட்டியதில் ஒரு ஓரம் போய்விட்டது, உள்ளே இருக்கும் மண்நிறம் பல்லிளிக்கிறது. கல்லென்றால் உடைந்த இடத்திலும் அதே கல்தான். மங்கினால் திரும்ப மினுக்கலாம், வழுக்கினால் திரும்பக் கரடாக்கலாம்.

"கிரனைட்டும் ஈரத்தில் வழுக்கும்" என்று கீழே வந்து எழுதப் போகிறவர்களுக்கு: மினுக்கினால் வழுக்கும். எங்களுடையது மினுக்கினது இல்லை. மேலே எழுதினேன், வாசிக்கவும்.

"அது கிரனைட்டே இல்லை, கறுப்பாக இருப்பதெல்லாம் பெரும்பாலும் கப்ரோ என்கிற வேறு கல்" என்று ஒரு பொறியியலாளர் போன தடவையே பாடம் எடுத்தார். உண்மைதான் ஐயா. கடையில் கடினமான கல்லுக்கெல்லாம் கிரனைட் என்றுதான் பெயர். பெயரை மாற்றினால் படி திரும்பி வருமா?

கறை பிடிக்கும் என்பதையும் ஒத்துக்கொள்கிறேன். என் குசினி மேடையில் மஞ்சள் கறை ஒன்று இருக்கிறது, அது என் சோம்பேறித்தனம். கறை உள்ளே இறங்காமல் தடுக்கிற சீலரை இடைக்கிடை பூசியிருக்க வேண்டும். ஆனால் அதே மேடையில் தேசிக்காய் வெட்டுகிறேன், பழப்புளி கரைக்கிறேன், சூட்டுச் சட்டியை இறக்குகிறேன். ஒன்றும் ஆகவில்லை. தெஹிவளை மச்சாள் ஆசைப்பட்டு மாபிள் போட்டா. மாபிள் என்பது கல்சைட் என்கிற சுண்ணாம்புக் கனிமம், புளி பட்டால் அரிக்கும். ஆறு மாதத்தில் தேசிக்காய் பிழிந்த இடமெல்லாம் வட்டம் வட்டமாக மங்கிவிட்டது. இப்போது மேலே பிளாஸ்டிக் விரித்துச் சமைக்கிறா. பாவம், அதை நான் இங்கே எழுதியிருக்கக் கூடாது.

கிரனைட்டில் கதிர்வீச்சு என்று உள்பெட்டியில் வந்து பயம் காட்டியவருக்கு என்ன சொல்ல? மிகச் சிறிய அளவில் இருக்கிறதுதான். கடற்காற்று அடிக்கிற வாசல் படியில் அதற்காக நடுங்கத் தேவையில்லை. போய் நிம்மதியாகத் தூங்குங்கள்.

ஒரே ஒரு கேள்விதான் என்னை யோசிக்க வைத்தது. கருங்கல்லுக்காக மலைகளை உடைக்கிறார்களே, அதற்கு நீங்கள் ஆதரவா என்று ஒரு தங்கச்சி கேட்டா. இல்லையம்மா. அதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. ஆனால் ஏற்கெனவே வெட்டி, கொண்டுவந்து, பதித்து, ஒரு கீறலும் இல்லாமல் கிடந்த கல்லைக் கழற்றி எறிவதைவிட அந்த மலைக்குச் செய்கிற அவமானம் வேறு என்ன?

கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேசர் கோயிலுக்குப் போகாத கொழும்புத் தமிழர் குறைவு. சேர். பொன். இராமநாதன் கருங்கல்லால் திருப்பிக் கட்டுவித்தது, நூறு வருடம் தாண்டிவிட்டது. உச்சி வெயிலிலும் உள்ளே கால் குளிரும். அங்கே யாராவது லுக் பழசு என்கிறார்களா? நல்லவேளை, எங்கள் நிர்வாகக் குழு அங்கே இல்லை.

இவ்வளவையும் வட்ஸ்அப் குழுவில் பொறுமையாகத்தான் சொன்னேன். பொருளாளர் தம்பி எழுதியது: "ஆன்ட்டி, நீங்கள் இன்னும் அம்மிக் காலத்திலேயே இருக்கிறீர்கள்." பதினேழு பேர் சிரிப்பு முகம் போட்டார்கள். எண்ணினேன்.

ஓம் தம்பி, இருக்கிறேன். எங்கள் ஊர் மயிலிட்டி. யாழ்ப்பாணத்தில் நிலத்தைத் தோண்டினால் சுண்ணாம்புக்கல்தான் வரும், அம்மிக்குக் கருங்கல் வெளியிலிருந்துதான் வர வேண்டும். எங்கள் அம்மி தோணியில் வந்தது என்று ஆச்சி சொல்லுவா. 1990இல் உடுத்த உடுப்போடு வெளிக்கிட்டோம். 2017இல் இராணுவம் ஊரை விடுவித்த பிறகு அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். இருபத்தேழு வருடம். கூரை இல்லை, கதவு நிலை இல்லை, சுவரும் பாதிதான். எது குசினி, எது சாமியறை என்று எனக்குப் பிடிபடவில்லை. அம்மா பற்றைக்குள் தடியால் தட்டிக்கொண்டே போனா. ஓரிடத்தில் டக் என்று சத்தம் கேட்டது. "இதுதான் குசினி" என்றா.

அம்மி அப்படியே கிடந்தது. குழவியைக் காணவில்லை. வான்காரர் முணுமுணுத்துக்கொண்டே ஏற்றினார். கொழும்புக்குக் கொண்டுவந்து, பொளிந்து, புதுக் குழவி வாங்கி, அம்மா போகும்வரை அதில்தான் சம்பல். இப்போது எங்கள் பால்கனியில் இருக்கிறது. "அதிக பாரமான பொருட்களைப் பால்கனியில் வைக்க வேண்டாம்" என்று போன மாதம் நிர்வாகக் குழு ஒரு கடிதமும் தந்தது. அதில் போட்டிருந்த கதவு இலக்கம் என்னுடையது மட்டும்தான்.

மாஸ்டருக்கு இடியப்பம் கொடுக்கப் போனேன். "பிள்ளை, என்னாலே நீர் சண்டை பிடிக்க வேண்டாம்" என்கிறார்.

நான் சண்டை பிடிக்கவில்லை. படி பழுதாகவில்லை என்றுதான் சொல்கிறேன்.

அந்த லொறி எங்கே போனதென்று யாருக்காவது தெரிந்தால் உள்பெட்டியில் சொல்லுங்கள். நீலநிற லொறி, செவ்வாய்க்கிழமை காலை. ஒரு படிக்கல் இருபது கிலோ அளவில் வரும், நாலடி நீளம். உடையாமல் இரண்டு இருந்தால் போதும், காசு கொடுத்தே எடுக்கிறேன்.