கையில் வைத்து ஆடியும் மதிப்பிடுங்கள்

தொலைக்காட்சியில் இணைத்தும் கையில் வைத்தும் ஆடக்கூடிய கருவியான நிண்டெண்டோ ஸ்விட்சுக்கு வந்த விளையாட்டு ஒன்றின் கதையையும் இசையையும் பாராட்டி நீங்கள் வெளியிட்ட விமர்சனத்தில், தொலைக்காட்சியில் இணைத்து ஆடிப் பார்த்ததை மட்டும் வைத்துக் கட்டுரையாளர் மதிப்பெண் கொடுத்திருக்கிறார். அது பாதி மதிப்பீடுதான். 2017-இல் வெளிவந்த அக்கருவி, தொலைக்காட்சியோடு இணைக்கும் தாங்கியான டாக்கில் பொருத்தினால் 1080பி (எண் கூடக்கூடப் படம் தெளிவாகும்) வரையிலும், கையில் வைத்து ஆடும்போது 6.2 அங்குலத் திரையில் 720பி வரையிலும்தான் காட்சி தரும். புதுச்சேரியிலிருந்து கடலூருக்குத் தினமும் பேருந்தில் போய்வரும் நான், இதே விளையாட்டில், குலுக்கலுக்கு நடுவே பொருட்பட்டியலின் பொடி எழுத்துகளைப் படிக்கக் கருவியைக் கண்ணருகே கொண்டுபோய், அதற்குள் எதிரியிடம் அடிவாங்கித் தோற்ற நாட்கள் பல. கதையும் இசையும் நன்று என்பதில் எனக்கும் உடன்பாடுதான். ஆனால், எழுத்தின் அளவை மாற்ற வழியுண்டா, இறங்கும் நிறுத்தம் வந்ததும் சேமிக்க முடிகிறதா, பேட்டரி எத்தனை மணி நேரம் தாங்குகிறது என்பவற்றை, காசு கொடுத்து வாங்கும் எங்களுக்காகத் தனியே எழுதுங்கள்.