லிவர்பூலில் கிடைத்த பையன் என்ன நிறம்?

தம்பி மகள் கல்லூரியில் ஆங்கில இலக்கியம் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். போன வாரம் வீட்டுக்கு வந்திருந்தாள். ‘வுதரிங் ஹைட்ஸ்’ நாவலை 2026-இல் மறுபடி படமாக்கியபோது, கதாநாயகன் ஹீத்கிளிஃப் வேடத்தை வெள்ளை நடிகரான ஜேகப் எலோர்டிக்குக் கொடுத்தது தப்பு என்று நான் சொல்லப்போக, பெரிய வாக்குவாதமாகிவிட்டது. “ஏரியலைக் கறுப்பாக்கிட்டாங்கன்னு கத்தினவங்களும் நீங்களும் ஒரே மாதிரிதானே பேசறீங்க, அத்தை?” என்று கேட்டாள். ஏரியல் என்பது டிஸ்னி படத்துக் கடல்கன்னி; 2023-இல் அந்த வேடத்தில் கறுப்பின நடிகை வந்தபோது எழுந்த கூச்சலைச் சொல்கிறாள்.

நல்ல கேள்வி. அன்றைக்கு நான் சொன்ன பதில் எனக்கே சரியாகப் படவில்லை. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நாவலைப் படிக்காதவர்களுக்காக முதலில் கதையின் தொடக்கம். எமிலி பிராண்டே எழுதிய ஒரே நாவல் இது. 1847-இல் வெளிவந்தது; மறு ஆண்டே 30 வயதில் அவர் இறந்துவிட்டார். யார்க்‌ஷயரின் காற்றடிக்கும் மேட்டு நிலத்தில் ஒரு பண்ணை வீடு. வீட்டுப் பெரியவர் எர்ன்ஷா லிவர்பூலுக்கு நடந்தே போகிறார். போக 60 மைல், வர 60 மைல். மகன் ஹிண்ட்லிக்குப் பிடிலும் மகள் கேத்திக்குச் சாட்டையும் வாங்கி வருவதாகச் சொல்லிப் போனவர், மேல்கோட்டுக்குள் ஒரு பையனைச் சுருட்டி எடுத்துக்கொண்டு திரும்புகிறார். தெருவில் பட்டினி கிடந்தானாம். பிசாசு கொடுத்தனுப்பியதோ என்னும்படி கறுப்பாக இருக்கிறது, ஆனாலும் கடவுள் தந்ததாக நினைத்து ஏற்றுக்கொள் என்கிறார் மனைவியிடம். கதை சொல்லும் வேலைக்காரி நெல்லி அந்தக் குழந்தையை ‘அது’ என்றுதான் சொல்கிறாள். குழந்தை யாருக்கும் புரியாத எதையோ திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கிறது. அந்த வீட்டில் சின்ன வயதில் இறந்துபோன ஒரு மகனின் பெயரை அவனுக்கு வைக்கிறார்கள்: ஹீத்கிளிஃப். அவனுக்குப் பெயரும் அதுதான், குடும்பப் பெயரும் அதுதான்.

கதைக் கணக்குப்படி இது 1770-களின் தொடக்கம். பிரிட்டனின் அடிமை வியாபாரத்துக்கு லிவர்பூல்தான் அப்போது முதல் துறைமுகம். எமிலி அந்த ஊரைக் கண்ணை மூடிக்கொண்டு தேர்ந்தெடுத்திருப்பார் என்று என்னால் நம்ப முடியவில்லை.

கல்லூரியில் நான் இதைப் படித்தபோது ஒரே ஒரு சொல்லில் நின்றுவிட்டேன். பக்கத்துப் பணக்கார வீட்டு லிண்டன், அந்தப் பையனைப் பார்த்து, இவன் குட்டி லஸ்கரோ, இல்லை கரையொதுங்கிய அமெரிக்கனோ ஸ்பானியனோ என்கிறார். லஸ்கர்! நான் டெல்டாக்காரி. எங்கள் ஊரில் லஸ்கர் என்றால் அப்போது பொதுப்பணித் துறையில் வாய்க்கால் ஷட்டரை ஏற்றி இறக்குபவர். மேட்டூரில் தண்ணீர் திறந்துவிட்டால் முறை வைப்பதற்காக அப்பா முதலில் தேடிப் போவது அவரைத்தான். அந்தச் சொல் எப்படி ஒரு ஆங்கில நாவலுக்குள் வந்தது என்று தேடிய பிறகுதான் தெரிந்தது. படை என்று பொருள்படும் பாரசீகச் சொல் லஷ்கர். ஐரோப்பியக் கப்பல்களில் வேலை பார்த்த இந்திய, ஆசிய மாலுமிகளுக்கு அதுவே பெயராகியிருக்கிறது. கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல்களில் போய், கூலியும் திரும்பி வர வழியும் இல்லாமல் இங்கிலாந்துத் துறைமுகங்களில் அலைந்தவர்கள் அவர்களில் பலர். ஒரு பக்கம் கப்பலுக்குப் போன சொல், இன்னொரு பக்கம் எங்கள் வாய்க்கால் கரையில் தங்கிவிட்டது. வகுப்பில் அதற்குச் சொன்ன பொருள் ‘மாலுமி’, அவ்வளவுதான். நான் வாங்கிய பிரதியின் அட்டையில் இருந்தவனோ பால் நிறத்து ஆங்கிலேயன்.

இப்போது ஏழாம் அத்தியாயத்துக்கு வருகிறேன். இதற்காகத்தான் நான் சண்டையே போடுகிறேன். கேத்தி சில வாரம் லிண்டன் வீட்டில் தங்கிவிட்டு, நல்ல உடையும் நாகரிகமுமாகத் திரும்பி வந்திருக்கிறாள். ஹீத்கிளிஃப் அழுக்கோடு நிற்கிறான். மறுநாள் அவனே நெல்லியிடம் வந்து, என்னைக் கொஞ்சம் பார்க்கும்படி ஆக்கிவிடு என்கிறான். லிண்டன் வீட்டு மகன் எட்கரைப்போல் எனக்கும் வெளிர் முடியும் வெள்ளைத் தோலும் இருந்திருக்கக் கூடாதா என்று ஏங்குகிறான். நெல்லி அவனைக் கண்ணாடி முன் நிறுத்தித் தேற்றுகிறாள். யார் கண்டது, உன் அப்பா சீனச் சக்கரவர்த்தியாகவும் அம்மா இந்திய ராணியாகவும் இருக்கலாம் என்கிறாள். முகம் கழுவி, தலை வாரி, நம்பிக்கையோடு அவன் வெளியே வந்த அடுத்த நிமிடம் ஹிண்ட்லி எல்லார் முன்னாலும் அவமானப்படுத்தித் துரத்துகிறான். சூடான ஆப்பிள் கூழை எடுத்து எட்கர் முகத்தில் வீசுகிறான் ஹீத்கிளிஃப். பின்னால் இரண்டு குடும்பங்களையும் அழிக்கப்போகிற வன்மம் இந்த இடத்தில்தான் முளைக்கிறது. கண்ணாடி முன் நின்று இந்த நிறம் போகாதா என்று கேட்ட பிள்ளைகள் நம் வீடுகளில் எத்தனை பேர்! நானும் பயத்தம்மாவு தேய்த்துத் தேய்த்துக் கன்னம் எரிய நின்றவள்தான். அந்தப் பக்கத்தை எனக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

சரி, எதிர்த் தரப்பிலும் நியாயம் இருக்கிறது. ஹீத்கிளிஃப் யார் என்று எமிலி கடைசிவரை சொல்லவில்லை. ஜிப்ஸி போலிருக்கிறான் என்கிறார்கள், லஸ்கர் என்கிறார்கள், ஸ்பானியன் என்கிறார்கள். நீ முழுக் கறுப்பனாகவே இருந்தாலும் நல்ல மனம் இருந்தால் முகம் அழகாகும் என்று அதே கண்ணாடி முன் நெல்லி சொல்வதைப் பார்த்தால், அவள் கண்ணுக்கு அவன் ஆப்பிரிக்கன் இல்லை. இதைப் பிடித்துக்கொண்டு, எதுவும் உறுதியில்லாதபோது வெள்ளையனாகக் காட்டினால் என்ன என்று கேட்கிறார்கள். அவன் எந்த ஊர் என்பதுதான் உறுதியில்லை. பார்த்தவர் அத்தனை பேரும் அவனை நம்மவன் இல்லை என்று தள்ளி வைத்தார்கள் என்பதில் எந்தச் சந்தேகமும் இல்லை. அந்த அத்தனை பேரும் முதலில் பார்த்தது அவன் நிறத்தை.

ஆனால் திரையில் நடந்தது என்ன? 1939-இல் லாரன்ஸ் ஒலிவியர். பிறகு டிமோதி டால்டன், ரால்ஃப் ஃபைன்ஸ், டாம் ஹார்டி. எல்லாரும் நல்ல நடிகர்கள், எல்லாரும் வெள்ளையர். 2011-இல் ஆண்ட்ரியா அர்னால்ட் எடுத்த படத்தில்தான் ஜேம்ஸ் ஹௌசன் என்ற கறுப்பின நடிகர் அந்த வேடத்தில் வந்தார். அதைப் பார்த்து, கதையை மாற்றிவிட்டார்கள் என்று வருத்தப்பட்டவர்கள் உண்டு. எழுபது வருடப் படங்களையே மூலம் என்று மனம் பழகிக்கொண்டால் அப்படித்தான் தோன்றும்.

அந்த 1939 படத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். அதில் கேத்தியாக நடித்தவர் மெர்ல் ஓபெரான். 1911-இல் பம்பாயில் பிறந்தவர். தாய்வழி இலங்கையைச் சேர்ந்த கலப்பினக் குடும்பம். இது வெளியே தெரிந்தால் ஹாலிவுட்டில் கதாநாயகியாக வாழ முடியாது. வெள்ளையர்–கறுப்பர் உறவைத் திரையில் காட்டக் கூடாது என்ற தணிக்கை விதி கண்டிப்பாக நடைமுறையில் இருந்த காலம் அது. டாஸ்மேனியாவில் பிறந்ததாகச் சொல்லியே வாழ்ந்தார். 1979-இல் இறந்து சில வருடங்கள் கழித்துத்தான் உண்மை பரவலாக வெளியே வந்தது. யோசித்துப் பாருங்கள். நாவலில் வெள்ளைக்காரியாக இருக்கும் கேத்தியை நம் பக்கத்துப் பெண் தன் பிறப்பை மறைத்துக்கொண்டு நடிக்கிறார். லஸ்கரோ என்று கேட்கப்பட்ட பையனாக ஆங்கிலேயர் ஒருவர் எதையும் மறைக்காமல் நடிக்கிறார். ஒரே சட்டகத்தில் இரண்டு பேரும். இதைத் தெரிந்துகொண்ட பிறகு என்னால் அந்தப் படத்தைப் பழையபடி பார்க்க முடியவில்லை.

2026 படத்தில் எட்கர் லிண்டனாக வருபவர் ஷஸாத் லத்தீஃப், பாகிஸ்தானியத் தந்தைக்குப் பிறந்த பிரிட்டிஷ் நடிகர். அவர் திறமையில் எனக்கு ஒரு குறையும் இல்லை, நல்ல வேடம் கிடைத்ததில் சந்தோஷம்தான். ஆனால் எலோர்டியையும் அவரையும் எதிரெதிரே நிறுத்தினால், உன்னைப்போல் வெள்ளைத் தோல் வேண்டும் என்று யார் யாரிடம் ஏங்குவது? இயக்குநர் எமரால்ட் ஃபென்னல், 14 வயதில் படித்தபோது தனக்கு உண்டான உணர்வைப் படமாக்க விரும்பியதாகச் சொல்லியிருக்கிறார். அது அவர் உரிமை. அந்த வயதில் அவர் மனதில் விழாமல் போனது, பத்தொன்பது வயதில் என் மனதில் முதலில் விழுந்தது.

இப்போது ஏரியல். அவளுக்கு மூலம், டென்மார்க் எழுத்தாளர் ஆண்டர்சன் 1837-இல் எழுதிய கதை. அதில் கடல்கன்னிக்கு ரோஜா இதழ் போன்ற தோல், நீலக் கண். மறுக்கவில்லை. ஆனால் அவள் படும் பாட்டில் எதுவும் அந்தத் தோலால் வரவில்லை. மீன்வாலால் வருகிறது, நாக்கை அறுத்துக் கொடுத்ததால் வருகிறது. 2023-இல் ஹேலி பெய்லி நடித்ததால் அந்த வேதனையில் ஒரு துளி குறையவில்லை. ஹீத்கிளிஃபிடமிருந்து நிறத்தை எடுத்தால் அவன் வெறும் ஏழைப் பையன். ஏழைப் பையன் மூன்று வருடம் காணாமல் போய்ப் பணத்தோடு திரும்பினால் கணக்கு தீர்ந்துவிட வேண்டுமே. அவனுக்குத் தீரவில்லை. பணமும் நல்ல உடையும் வந்த பிறகும் எட்கருக்கு அவன் வெளியாள்தான்.

இதையெல்லாம் தம்பி மகளிடம் மறுபடி போனில் சொன்னேன். முழுசாக ஒத்துக்கொள்ளவில்லை. “அப்ப ஒரு இந்திய நடிகர்தான் நடிக்கணும்கறீங்களா?” என்றாள். அப்படி இல்லை. ஜிப்ஸிக் குடும்பத்துப் பையனோ, அரபு நடிகரோ, ஹௌசனோ யார் வேண்டுமானாலும் வரட்டும். அறைக்குள் நுழைந்ததும் எல்லார் பார்வையும் ஒரு நொடி தடுமாற வேண்டும், அவ்வளவுதான் நான் கேட்பது. அப்புறம் அவளே ஒன்று கேட்டாள்: “அந்தக் குழந்தை திரும்பத் திரும்ப என்னத்தைச் சொல்லியிருக்கும், அத்தை?”

பாடத்துக்கான கையேட்டை வைத்துவிட்டு நாவலையே எடுத்திருக்கிறாள். நேற்று ராத்திரி நாலாம் அத்தியாயம் முடிந்தது என்று செய்தி வந்தது. ஏழாவது முடித்ததும் கூப்பிடு என்று சொல்லியிருக்கிறேன்.