10% வரை நகலெடுக்க அனுமதியா?

‘ஆய்வேட்டில் 10% வரை மூலம் குறிப்பிடாமல் எடுக்கலாம், யுஜிசியே (பல்கலைக்கழக மானியக் குழுவே) அனுமதிக்கிறது’ என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அது தவறு. யுஜிசியின் 2018 விதிமுறைப்படி 10% வரையிலான ஒற்றுமைக்கு (பிறர் எழுத்தோடு ஒத்துப்போகும் அளவுக்கு) தண்டனை இல்லை, அவ்வளவுதான். அது அனுமதி ஆகாது. கருதுகோள், முடிவுகள், பரிந்துரைகள் போன்றவற்றில் ஒற்றுமையே கூடாது என்கிறது அதே விதிமுறை. மூலத்தைச் சொல்லி மேற்கோளாகத் தருவதோ இந்தக் கணக்கில் சேராது. பிறகு ஏன் மறைக்க வேண்டும்?

ஒற்றுமையைக் கணக்கிடும் மென்பொருள் காட்டும் எண்ணைக் குறைக்கச் சொற்களை மட்டும் மாற்றுவதும் வேண்டாம். கருத்து யாருடையது என்பது மென்பொருளுக்குத் தெரியாது, படிக்கும் பேராசிரியருக்குத் தெரியும். பத்தியைப் படியுங்கள், புத்தகத்தை மூடிவிட்டு உங்கள் நடையில் எழுதுங்கள். அப்புறம் மூலத்தோடு ஒப்பிட்டு, ஆசிரியர் பெயர், ஆண்டு, பக்க எண்ணை அங்கேயே போட்டுவிடுங்கள்.