மேரி வர்கீஸும் எங்கள் வீட்டு இஞ்சி டேப்பும்

டாக்டர் மேரி வர்கீஸைப் பற்றி ஒரு வாட்ஸ்அப் செய்தி வருஷத்துக்கு இரண்டு முறையாவது எனக்கு வந்துவிடும். விபத்தில் இடுப்புக்குக் கீழே உணர்வு போன பிறகும் சக்கர நாற்காலியில் உட்கார்ந்தே ஆபரேஷன் செய்தவர், முயன்றால் முடியாதது இல்லை, கீழே இரண்டு கும்பிடு. வேலூர்க்காரனுக்குப் பெருமைதான். ஆனால் கதையைத் தப்பான இடத்தில் நிறுத்திவிடுகிறார்களே என்று எரிச்சலும் வரும்.

1954-இல் அந்த விபத்து நடந்தபோது அவர் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில், அதாவது சி.எம்.சி.யில், படித்து முடித்த இளம் டாக்டர், கொச்சிக்காரர். முகத்தில் காயம், தண்டுவடமும் போய்விட்டது. அப்போது வேலூரில் டாக்டர் பால் பிராண்ட் இருந்தார். கொல்லிமலையில் பிறந்த வெள்ளைக்காரர். தொழுநோயில் மடங்கிப்போன விரல்களை, தசைநாண்களை இடம் மாற்றித் தைத்து நிமிர்த்துவார். கை ஆபரேஷனைக் கால் நன்றாக இருப்பவர்களும் உட்கார்ந்துதான் செய்வார்கள். இதை நீ செய்யலாமே என்று மேரிக்கு வழி காட்டியவர் அவர்தான். மேரியின் மன உறுதி பெரிது, மறுக்கவில்லை. ஆனால் உட்கார்ந்தால் எட்டுகிற உயரத்தில் ஒரு மேசையும் இருந்தது, அதைக் காட்ட ஒரு ஆளும் இருந்தார். வாட்ஸ்அப்பில் அந்த மேசை வருவதே இல்லை.

மற்றவர்களுக்கும் அப்படி ஒரு மேசை வேண்டும் என்றுதான் அவருடைய மீதி வாழ்க்கை போனது. ஆஸ்திரேலியாவில் பயிற்சி, நியூயார்க்கில் மறுவாழ்வு மருத்துவம், திரும்பி வந்து இங்கே அந்தத் துறைக்குத் தலைமை. 1966-இல் வேலூரை ஒட்டிய பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் திறந்தார்கள். 1972-இல் பத்மஸ்ரீ. 1986-இல் காலமானார்.

அதற்கெல்லாம் ரொம்ப காலம் கழித்து, ஒடுகத்தூர் பக்கம் புளி உலுக்க ஏறிய எங்கள் சித்தப்பா விழுந்தார். பாகாயத்தில் சேர்த்தோம். எப்போது நடப்பார் என்பதுதான் எங்களுக்கு இருந்த ஒரே கேள்வி. அங்கிருந்த தெரபிஸ்ட் அம்மாவோ சின்னம்மா கையில் ஒரு கண்ணாடியைக் கொடுத்தார். "அழறதை அப்புறம் பாத்துக்கலாம். மொதல்ல இதைப் பிடிச்சு அவர் பின்பக்கத்தை அவருக்கே காட்டுங்க. செவந்திருக்கான்னு தெனம் பாக்கணும்." உணர்வு இல்லாத இடத்தில் படுக்கைப்புண் வந்தால் வலிக்காது, தெரியவும் தெரியாது. கால் மணிக்கு ஒரு தடவை கையை ஊன்றி உடம்பைத் தூக்கிப் பிடிக்க வேண்டும். சிறுநீரை எடுக்கக் குழாய் போடுவதைச் சித்தப்பா தானே கற்றுக்கொண்டார். முதல் வாரம் கூச்சத்தில் யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

அப்புறம் அந்த அம்மா என்னைக் கூப்பிட்டார். வாசலில் எத்தனை படி, பாத்ரூம் கதவு எவ்வளவு அகலம்? எனக்குத் தெரியவில்லை. "அளந்துட்டு வாப்பா." சின்னம்மாவின் தையல் மிஷினில் இருந்த இஞ்சி டேப்பை எடுத்து அளந்தேன். கதவு 24 இஞ்சிதான், வீல்சேர் நுழையாது. சித்தப்பா வீடு திரும்புவதற்குள் நிலையைப் பெயர்த்து அகலமாக்கினோம். படியை மூடிச் சரிவாக சிமெண்ட் போட்டோம். இப்போது அதில் தெருப் பிள்ளைகள் சைக்கிள் விடுகிறார்கள்.

பாகாயத்தில் வருஷா வருஷம் மேளா நடக்கும். பழைய நோயாளிகள் வீல்சேரில் வந்து சேர்வார்கள், பரிசோதனை, விளையாட்டு எல்லாம் உண்டு. சித்தப்பா அங்கே போவது ஆபரேஷன் செய்தவரைப் பார்க்க அல்ல. கூடப் படுத்திருந்தவன் என்ன தொழில் செய்கிறான், யாருக்குக் கல்யாணம் ஆச்சு என்று தெரிந்துகொள்ளத்தான். மேரி போட்ட விதையில் எனக்குப் பிடித்த கிளை இதுதான்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் வந்தது 2016-இல். அதற்குப் பிறகும் போன மாதம் ஒரு அலுவலகத்தில் மூன்று படிக்குக் கீழே, வெயிலில், நானும் சித்தப்பாவும் முக்கால் மணி நேரம் நின்றோம். அதாவது நான் நின்றேன். கிளார்க் நல்ல மனுஷன், தெருவுக்கே வந்து கையெழுத்து வாங்கிக்கொண்டார். படி ஒண்ணும் பண்ண முடியாதுங்க என்றார்.

ஆட்டோவில் ஏறும்போது சித்தப்பா சொன்னார்: "அவுங்ககிட்ட டேப் இல்லைன்னா நம்ம வீட்ல இருக்குதுன்னு சொல்லிட்டு வா."