பொட்டலத்தில் இல்லாத சர்க்கரை
தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் பழச்சுவைப் பொடியான கூல்-எய்டின் இனிப்பில்லாத சின்னப் பொட்டலத்தில் சர்க்கரையே கிடையாது, தாராளமாகக் குடிக்கலாம் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. பொட்டலத்தின் பின்பக்கத்தையும் படித்திருக்கலாம்! ஒரு பொட்டலத்துக்கு ஒரு கப் சர்க்கரை, சுமார் 1.9 லிட்டர் தண்ணீர் என்பதுதான் அளவு. 200 கிராம் சர்க்கரை 8 தம்ளருக்குப் பிரிந்தால் தம்ளருக்கு 25 கிராம், அதாவது ஆறு டீஸ்பூன். அப்படியானால் சர்க்கரையைப் பாதியாக்கலாமே என்று சொன்ன நண்பர் கவனிக்க: பொடியில் புளிப்புக்காக இருக்கும் சிட்ரிக் அமிலம் அப்படியேதான் இருக்கும், புளிப்பு தூக்கலாகிப் பல் கூசும். தண்ணீரைக் கூட்டினால் வாசனை போய்விடும். ஐஸ் போட்டாலோ இருக்கிற இனிப்பும் மங்கும். முக்கால் கப் சர்க்கரையோடு நிறுத்துவதுதான் தோது. மற்றபடி, 1927இல் கூல்-எய்டை உருவாக்கிய எட்வின் பெர்கின்ஸ், பாட்டிலில் விற்றுவந்த தன் பழச்சுவைத் திரவத்தைப் பொடியாக்கியது சத்துக்காக அல்ல. பாட்டில் உடைவதையும் அனுப்பும் செலவையும் தவிர்க்க.